செயலாளரின் குரல்

1986 பங்குனியில், லண்டன் வால்தம்ஸ்டோவில், செல்வரத்தினத்தின் குரல் அருள்நேசனின் வாய்க்கு மாறியது. பஸ் பிந்தியதைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் சனம் அதைப் பற்றிப் பேசியது. எங்கள் ஊர் ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவுக்கு மந்திரிசபை என்று பெயர். அந்த வருடம் புதுத் தலைவராக வந்த யோகராஜா பொறுமையில்லாத மனிதர், பொதுக்கூட்டம் முடியுமுன்பே பழைய மந்திரிசபை முழுவதையும் மாற்றினார். அறிக்கையை வாசித்து முடித்திருந்ததால் பொருளாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. செயலாளர் செல்வரத்தினத்தின் அறிக்கையோ நீளம். எங்கள் ஆட்களின் அறிக்கை எப்போது குறுகியிருக்கிறது? பாதியிலேயே யோகராஜா, "காணும் அண்ணை, இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் புதுச் செயலாளர் அருள்நேசனை மேடைக்குக் கூப்பிட்டார். அருள்நேசன் வாயைத் திறந்தார். வந்தது செல்வரத்தினத்தின் கரகரத்த குரல். செல்வரத்தினத்திடம் மூச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அருள்நேசனின் சொந்தக் குரல் எங்கே போனதென்று அவர் மனைவியைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை.

செல்வரத்தினத்தின் தொண்டையில் பழுதில்லை என்றார் டொக்டர். ஆனால் கொழும்பில், பார்வை போன தாய் ஒவ்வொரு ஞாயிறும் செல்வரத்தினத்தின் தொலைபேசிக்காகக் காத்திருந்தார். மூத்த மகனை எண்பத்து மூன்று கலவரத்தில் பறிகொடுத்தவர். "அவர் ஷிப்ட்டுக்குப் போயிட்டார் மாமி" என்று மனைவி சிவமலர் சமாளித்துப் பார்த்தார். "மறைக்காதை பிள்ளை, இவனும் போயிட்டானோ?" என்று மாமி அழத் தொடங்கினார். சிவமலர் அருள்நேசனிடம் ஓடினார். "ஒருக்கா வந்து கதையுங்கோ, மனிசி செத்துப்போகும்." அவர் வந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே தாய் வளர்த்த ஆட்டின் பெயர்கூட அவர் வாயில் வந்தது. தாய் சிரித்தார். சிவமலருக்கு மயிர் கூச்செறிந்தது.

பதவி திரும்பினால் குரலும் திரும்பும் என்று சிவமலர் நம்பினார். அடுத்த பொதுக்கூட்டத்தில் கணவரின் பெயரை முன்மொழிந்தார், அருள்நேசனின் மனைவி வத்சலா வழிமொழிந்தார். ஆனால் ஒன்றியத்தில் ஒரு வழக்கம்: பிரேரிக்கப்பட்டவர் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும், தலையாட்டினால் செல்லாது. செல்வரத்தினம் எழுந்து கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தார்.

"ஓம், ஏற்றுக்கொள்ளுறன்" என்ற குரல் மண்டபம் முழுவதும் கேட்டது. அது வந்தது அருள்நேசனின் வாயிலிருந்து. அவர் பதறி வாயைப் பொத்தினார். பிந்திவிட்டது.

"நல்லது, அருள்நேசனே தொடரட்டும்" என்றார் யோகராஜா. சபை கைதட்டியது.

"ஐயோ, அது என்ர மனிசன்ர குரலெல்லோ!"

"குரல் ஆருடையதெண்டு ஒன்றியத்தின்ர யாப்பு விதியில ஒண்டும் இல்லை, தங்கச்சி."

பிறகு மந்திரிசபையைக் கலைக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அருள்நேசன் லண்டனின் மறுகோடியில் இருக்கும் நோர்பரிக்கு வீடு மாறினார், ஆனாலும் ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்தார். கேள்வியைக் கணவரிடம் கேட்டுப் பதிலை அருள்நேசனிடம் வாங்கச் சிவமலர் பழகிவிட்டார். தொண்ணூற்றைந்தில் ஒருநாள் தாய் கேட்டார்: "குரல் கொஞ்சமும் மாறேல்லை ராசா. சந்தோசமா இருக்கிறியோ?" அருள்நேசன் செல்வரத்தினத்தைப் பார்த்தார். செல்வரத்தினம் வெகுநேரம் யோசித்துத் தலையாட்டினார்.

"ஓம் அம்மா" என்றார் அருள்நேசன்.