பின்கதவு விளக்கு

கிட்வே நகரில் எங்கள் தையல் தொழிற்சாலையில் மின்வெட்டு இல்லாத நாள் கிடையாது. மின்சாரம் போனதும் தானாக எரியும் அவசர விளக்குகளை மாதம் தவறாமல் சோதித்துப் பழுது பார்ப்பது என் வேலை. பின்கதவுக்கு மேலே இருந்த விளக்கு மங்கிவிட்டதென்று போன மாதம் பளிச்சென்று புதிதாக ஒன்று மாட்டியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று பொழுது சாய்ந்ததும் தீயணைப்பு அதிகாரி சிகாஸ்வே வந்தார். தலைகளை எண்ணுவதற்காக ஜீப் விளக்கை எரியவிட்டு, பின்முற்றத்து மாமரத்தடியில் நிறுத்தினார்.

"யாருக்கும் முன்னாடியே சொல்லாத, கலூபா. மெயினை அணை. விளக்கு எரியணும், ஆளுங்க வெளிய வரணும். வரலன்னா நாளைக்கே பூட்டுதான்."

பூட்டினால் முப்பது பெண்களின் பிழைப்பு போகும். என் பிழைப்பும்தான். மெயினை அணைத்தேன். தீ அபாய மணி அலறியது. முற்றத்துக்கு ஓடி வந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

ஒருவரும் வரவில்லை.

"உள்ள ஆள் இருக்காங்களா, இல்லையா?"

"இருக்காங்க ஐயா."

"கதவு பூட்டியிருக்கா?"

காலையில்தான் அதற்கு எண்ணெய் போட்டேன். தள்ளிப் பார்த்தேன், அரையடிதான் திறந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயத்தோடு முன்வாசல் வழியாக உள்ளே ஓடினேன். தையல் இயந்திரங்களுக்கு முன்னால் ஆளும் இல்லை, முக்காலிகளும் இல்லை.

எல்லோரும் முக்காலிகளோடு பின்கதவை மறித்துக்கொண்டு, என் புது விளக்கின் கீழே உட்கார்ந்து பள்ளிச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நகரு கலூபா, நிழல் விழுது" என்றாள் பொத்தான் பிரிவின் தலைவி, கசோண்டேயின் அம்மா.

"மணி அடிக்கிறது கேக்கலையா, கசோண்டே அம்மா? தீப்பிடிச்சா அடிக்கிற மணி."

"கரண்டு போனா தெனமும்தான் அடிக்குது. தெனமும் தீயா பிடிக்குது? விளக்கு நல்லாத்தான் மாட்டியிருக்க. இன்னொண்ணும் மாட்டு."

"எந்திரிச்சு வெளிய போங்க."

"பொத்தான் இல்லாத சட்டையை நீ போட்டுக்குவியா?"

சிரிப்பு எழுந்தது. யாரும் எழவில்லை. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் விளக்கை எவ்வளவு நன்றாகப் பராமரித்தேனோ, அவ்வளவு நெருக்கமாக வழியை அடைத்திருந்தார்கள். ஒரு முக்காலியில் ஏறினேன். மனம் வரவில்லை, ஆனாலும் பேட்டரி வயரைப் பிடுங்கினேன்.

இருட்டு. "உருப்படுவியா நீ" என்று யாரோ திட்டினார்கள். கதவிடுக்கில் ஜீப்பின் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. முக்காலிகள் நகர்ந்தன, கதவு திறந்தது. என்னைத் திட்டிக்கொண்டே முப்பது பேரும் வெளியே போனார்கள்.

சிகாஸ்வே இரண்டு முறை எண்ணினார்.

"விளக்கு எரிஞ்சுதா?"

"நான்தான் அணைச்சேன் ஐயா. அணைச்சாத்தான் வந்தாங்க."

மாமரத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் குழப்பம்தான்.

"பூட்டலை. ஆனா இந்த மரத்துல ஒரு விளக்கு மாட்டு. உள்ள இருக்கிற எதைவிடவும் பெருசா. நாளைக்கே."

ஜீப்புக்கு முன்னால் முக்காலிகள் வரிசையாகிவிட்டன. கசோண்டேயின் அம்மா ஊசியைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஐயா, வண்டியைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. நூல் கோக்க ஊசிக் காது தெரியல."