குதிகால் வெட்டு

தடய ஆய்வுக்கூடத்தில் செருப்புத் தடம் பார்ப்பது அவள் வேலை. நகைக்கடைத் திருட்டு வழக்கில் இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த செருப்பையும், கடைத் தரையில் எடுத்த தடத்தின் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதினாள்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஆள் உள்ள இருக்கான் மேடம். 'அதே செருப்பு'ன்னு ஒரு வார்த்தை போட்டா வேலை முடிஞ்சுது."

"அளவும் அச்சும் ஒத்துப்போகுது சார். ஆனா அதே ரகம் ஊர்ல ஆயிரம் பேர் கால்ல இருக்கும்."

அவர் நேரே இயக்குநர் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா," என்றார்.

வீட்டில் தட்டிலிருந்த சோற்றை அளைந்துகொண்டிருந்தவளிடம் கணவன், "உங்க சங்கத்துக்குப் போன் போடேன். மாநாட்டுல பை குடுக்க மட்டுமா இருக்காங்க?" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

தடய அறிவியலாளர் சங்கத்தின் செயலாளர் வேறு ஊரில் விஷம் பரிசோதிக்கும் பெண்மணி. முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்றதுதான் சரின்னு நான் சொல்ல மாட்டேன்மா. என்ன வழக்குன்னு சொல்லாம படங்களை ரெண்டு நிபுணர்களுக்கு அனுப்பறேன், தனித்தனியா பாக்கட்டும். நீ தப்புன்னா அதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்க. சம்மதமா?"

"சம்மதம்க்கா."

இயக்குநரிடமும் செயலாளரே பேசினார். சந்தேகம் வந்தால் பிறர் பார்வைக்கு விட வேண்டும் என்ற சங்கத்தின் நெறிமுறையை ஏற்று இயக்குநரும் கையெழுத்துப் போட்டிருந்தார், மறுக்க வழியில்லை.

பதில்கள் வந்தன. ஒருவர் அவள் எழுதியதையே எழுதியிருந்தார். மற்றவரோ, 'குதிகால் ஓரத்தில் உள்ள வெட்டைப் பார்த்தீர்களா?' என்று கேட்டிருந்தார்.

அவள் ஓடிப்போய், செருப்பின் மேல் விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். ஒட்டிய மண் என்று அவள் தாண்டிப் போன இடம். ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கிய பழைய வெட்டு. திருட்டுக்கு மறுநாளே கைதானவன் காலிலிருந்து கழற்றிய செருப்பு அது; ஒரே நாளில் வெட்டு இப்படித் தேயாது. தடத்திலோ குதிகால் பளிச்சென்று விழுந்திருந்தும் வெட்டு இல்லை.

அறிக்கையை அவளே திருத்தினாள்: 'தடம் இந்தச் செருப்புடையது அல்ல.' முதலில் தான் கவனிக்கத் தவறியதையும் சேர்த்து எழுதினாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் படித்தார். "அப்ப நான் தப்பான ஆளை வெச்சிருக்கேன்."

"நானும் கோட்டை விட்டேன் சார். மூணு பேர் பாத்ததால தப்பிச்சோம்."

அவர் எழுந்துகொண்டார். "இன்னிக்கே கோர்ட்ல சொல்லிடறேன். பாவம், அவன் பொண்டாட்டி ஸ்டேஷன் வாசல்லயே கெடக்கா."

மாலையில் செயலாளர் கூப்பிட்டார். "மத்தவங்க வழக்கைப் பாத்துச் சொல்ல நீயும் வர்றியா?"

"கோட்டை விட்டவ நான்க்கா."

"அதனாலதான் கூப்பிடறேன். தப்பே பண்ணாதவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவள் சிரித்துவிட்டாள். மறுவாரமே, எந்த ஊரென்றும் யாருடையதென்றும் தெரியாத ஒரு டயர் தடத்தின் படம் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது.