அவுட்டரில் நின்ற வண்டி

பழுப்புச் சாயம் கொஞ்சம் கூடிப்போய், ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார்.

கூடத்து மேசை மேல் ஒரு ரயில் ஊர் கட்டி வைத்திருக்கிறேன். மலைக்குக் காகிதக் கூழ். புல்லுக்குச் சாயம் ஏற்றிய மரத்தூள். மரங்களுக்குப் பீர்க்கங்கூடு. எல்லாம் பளபளவென்று நின்றால் ஊர் மாதிரி இருக்காது. பழுப்பைத் தண்ணீராகக் கரைத்துத் தடவ வேண்டும். தொட்டிக்குத் துரு வரும். சுவருக்கு வயதாகும். ஸ்டேஷன் சுவருக்குத் தடவும்போது தூரிகை வழுக்கி, வாசலில் நின்ற மாஸ்டர் தேவசகாயம் மேல் பட்டது. அவர் தொப்பியைக் கழற்றினார். மாலை போட்டார்கள், வாங்கிக்கொண்டார். வீட்டைக் காலி செய்துவிட்டு மலைப் பக்கம் நடந்து போனார்.

மாஸ்டர் இல்லாமல் சிக்னல் இறங்காது. வண்டி ஊருக்கு வெளியே, அவுட்டரில் நின்றுவிட்டது.

அந்த வண்டியில்தான் என் மகள் சிவகாமி வருகிறாள். தலைப்பிரசவம், தாய் வீட்டில் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

என் மனைவி காந்திமதி அடுக்களையிலிருந்து வந்தாள்.

"புள்ள நிறைமாசமா அவுட்டர்ல கெடக்கா. நீங்க மரத்துக்குக் கெளை ஒட்டிக்கிட்டு இருக்கீயளா?"

"ஒட்டினது போன வாரம்."

"லேகியம் கிண்டி ஆறிப்போச்சு."

"சூடு பண்ணு."

பக்கத்து வீட்டு மாசிலாமணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். கூப்பிடாமலே வருகிறவன்.

"அண்ணாச்சி, ரெண்டு விரலால தூக்கி இந்தப் பக்கம் வச்சா முடிஞ்சுது. இதுக்குப் போயி..."

"அவுட்டர்ல பயணி இறங்கக் கூடாது."

"உங்க மக, அண்ணாச்சி."

"பயணி."

தேவசகாயத்தை மலையடிவாரத்தில் பிடித்தேன். டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். அதுவும் கூடிப்போயிற்று. பழுப்போடு மீசையும் போயிற்று. வாலிபனாக நின்றுகொண்டு, ரயில்வே பரீட்சை எழுதியிருக்கிறேன், ரிசல்ட் வரவில்லை என்றார். வந்தாலும் பயிற்சி முடியாமல் கொடி தரமாட்டார்களாம். அவரை விட்டுவிட்டேன்.

அதற்குள் பெட்டியிலிருந்து முனகல் கேட்டது. காந்திமதி மேசையில் குனிந்து, "மூச்ச இழு மக்கா, அம்மா இங்கதான் இருக்கேன்" என்றபடி கையை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கை படக் கூடாது. சாயம் காயலை."

காந்திமதி என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

குழந்தை அவுட்டரிலேயே பிறந்தது. பெண். வேறு துணி இல்லாததால் கார்டு தன் பச்சைக் கொடியில் சுற்றினார். குழந்தை கொஞ்சம் அழுதது. பிறகு கொடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது. டிக்கெட் இல்லாததால் அது பயணி இல்லை. இறங்கலாம். தண்டவாளத்தின் ஓரமாக நடந்து சிக்னல் கேபினுக்குள் போயிற்று. சிக்னல் இறங்கியது. வண்டி ஊருக்குள் வந்தது.

சிவகாமி இறங்கினாள். காந்திமதி லேகியச் சட்டியை எடுத்துக்கொண்டு மேசை ஏறினாள். மூன்று பேரும் மாஸ்டர் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். சாயங்காலம் அந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறது. என் அடுப்பு அணைந்திருக்கிறது.

குழந்தையைப் பார்க்க விரலை நீட்டினேன். பிளாட்பாரம் டிக்கெட் கேட்டார்கள். கவுன்ட்டருக்கு நான் ஜன்னல் வெட்டியிருக்கவில்லை. இப்போது வெட்டவும் முடியாது, மாஸ்டர் அனுமதி வேண்டும்.

மனு கொடுத்திருக்கிறேன். பால் குடித்துத் தூங்கி எழுந்ததும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பல் முளைத்தால் பணி நிரந்தரமாம். அறை வாசலில் பெயர்ப் பலகை மாட்டிவிட்டார்கள்: சி. கோமதி, ஸ்டேஷன் மாஸ்டர்.