சமையலறைக்குப் போன நான்காம் கவுன்டர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நலத்துறை அலுவலகத்தின் நான்காம் எண் கவுன்டர் தன் இடத்தில் இல்லை. மேசை, கண்ணாடித் தடுப்பு, நாற்காலி, முத்திரைகள் எல்லாம் ஐந்து தெரு தள்ளி ஒரு தையல்காரியின் சமையலறையில் இருந்தன. இதை எழுதிவைப்பவர் அந்தக் கவுன்டரின் குமாஸ்தாதான்; தன்னையே 'அவர்' என்று எழுதுகிறார், பத்தொன்பது வருட அலுவலகப் பழக்கம் அப்படி.

தையல்காரியின் மகளுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். பேச்சுப் பயிற்சிக்கான அரசு உதவி தொடர வேண்டுமானால் வருடந்தோறும் குழந்தையைக் கவுன்டருக்கு நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். முந்தின நாள் அலுவலகக் கூடத்து இரைச்சல் தாங்காமல் அவள் காதைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எட்டிப் பாத்தா தெரியும் சார், அதோ இருக்கா," என்றாள் தாய். குமாஸ்தா எட்டிப் பார்க்கவில்லை. விதியில் 'கவுன்டர் முன்' என்று இருப்பதாகச் சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது தன் குரல் கம்பீரமாக ஒலித்ததாக வேறு அவருக்குப் பட்டது.

கவுன்டர் இருக்கும் இடம்தானே வேலை செய்யும் இடம்; புதன்கிழமை அவர் அங்கே போனார். "செருப்பக் கழட்டிட்டு வாங்க சார், உங்க மேசை உள்ளதான் இருக்கு," என்றாள் தையல்காரி. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "குறைபாடு இன்னும் தொடருதாம்மா?"

"பொறந்ததுலேர்ந்து அவ அவளாத்தான் சார் இருக்கா. அடுத்த வருசமும் இதையேதான் கேப்பீங்களா?"

இந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. குழந்தை கவுன்டர் முன்தான் இருந்தது என்பதால் ஒப்புதல் முத்திரையை ஓங்கிக் குத்தினார். சிறுமி அலறிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. முத்திரைக்குச் சத்தம் உண்டென்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த முத்திரையைத் தூங்கும் பூனையைத் தொடுவதுபோல் வைத்தார். அதுவும் செல்லுபடியானது.

மேலதிகாரி லாரி அனுப்பிக் கவுன்டரை மீட்டார். லாரி ஆட்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அது சமையலறைக்குத் திரும்பிவிட்டது. விசாரணைக் குழு பதினோரு பக்கம் எழுதி, கவுன்டர் இடத்தில் இல்லை என்று கண்டுபிடித்தது. அதற்குள் ஐந்தாம் கவுன்டர் ஒரு பஸ் டிரைவரின் வீட்டுக்குப் போயிருந்தது. அங்கே இதே உதவி பெறும் இரட்டைக் குழந்தைகள். மூன்று வருடத்தில் கவுன்டர்கள் ஒவ்வொன்றாய்ப் போய்க் கூடமே காலி. மற்ற மனுதாரர்கள் தபாலில் அனுப்பினார்கள். குமாஸ்தாக்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று யாரும் ஏங்கியதாகத் தகவல் இல்லை. ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு "இன்னும் தொடருதா?" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆகவே வருடாந்தரப் புதுப்பித்தலை ரத்து செய்து, பயிற்சியாளர்களையும் வீடுகளுக்கே அனுப்பும்படி ஆணை பிறந்தது. அதில் 'துறையின் தொலைநோக்கு' என்ற சொற்களைச் சேர்த்தவர் நம் குமாஸ்தாதான். எழுதும்போது கை கூசவில்லை.

அவர் ஓய்வு பெற்றபோது பிரிவுபசாரமும் அதே சமையலறையில் நடந்தது. கவுன்டரின் மேல் பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. யாரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. பெண்ணுக்கு அப்போது பதினேழு வயது. மேலதிகாரி பேச எழுந்ததும் அவள் கை காதுக்குப் போனது, எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தாவின் சட்டைப்பையில் நான்கு பக்க ஏற்புரை இருந்தது, இரண்டு வாரம் கண்ணாடிமுன் ஒத்திகை பார்த்தது. அதை அவர் வெளியே எடுக்கவில்லை. அலுவலகம் முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டது. பாதிச் சாப்பாட்டில் அவள் வந்து குமாஸ்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வழியனுப்பும்போது தையல்காரி, "இன்னிக்கு ரொம்ப நல்லாப் பேசினீங்க சார்," என்றாள்.