முதுகில் எழுதிய வாசகம்

பாஸ்டர் ஜெயசீலன் "சமாதானம்" என்று வாயைத் திறந்தாலே ஷாமிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மனுஷன் அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"சமாதானமா முடிச்சிருவோம் தங்கச்சி. நாளைக்கு ஆராதன முடிஞ்சதும் அந்தப் புள்ள எல்லாருக்கும் முன்னால வந்து, தல குனிஞ்சு, ஐயாகிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். கராட்டி உடுப்போடதான் வரணும்னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? யாரு கைய வெச்சது, யாரு மன்னிப்புக் கேக்கிறது?"

பாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன இருக்கிறது பார்க்க? மண்ணாங்கட்டி.

ஐயா என்று அவர் சொன்னது தோட்டத்து பீல்ட் ஒபிசர் கிருஷாந்தை. வியாழக்கிழமை பகல் பால் ஸ்டோரில் றப்பர் பால் நிறுக்க எல்லாரும் வரிசையில் நின்றார்கள். மேட்டு லயத்தில் இருந்து பால் வெட்ட வருகிற விஜயகலாவுக்கு அன்றைக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மகள் நிரோஷிகா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற கிருஷாந்த் வழிவிடுவதுபோல ஒதுங்கி அவள் இடுப்பைப் பிடித்துக் கசக்கினான். இது புதிய வேலை இல்லை. அந்த வாசலில் எத்தனையோ பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்திருக்கிறார்கள். ஆனால் நிரோஷிகா ஆறு வருஷமாக ஷாமிளாவிடம் கராட்டி பழகுகிறவள். வாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை, முழங்கை பின்னால் போயிற்று, கிருஷாந்தின் மூக்கிலிருந்து ரத்தம் தராசுத் தட்டில் வடிந்தது.

வெள்ளிக்கிழமையே அவன் பாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டான். சர்ச் ஹோல் நிற்பது தோட்டத்துக் காணியில். தோட்டத்தை நடத்துகிற தொரையின் காதில் ஒரு வார்த்தை போட்டால் ஹோலுக்குப் பூட்டு விழும், விஜயகலாவுக்கும் வேலை போகும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"பாஸ்டர், நம்ம உடுப்போட முதுகுல என்னா எழுதியிருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன! யட்டியாந்தோட்டைக்குப் போய் அச்சடித்துக்கொண்டு வந்தவரே அவர்தானே. வெள்ளைச் சட்டை முதுகில் கொட்டை எழுத்தில்: ஆண்டவருக்கு மட்டுமே தலை வணங்குவோம். அந்த ஹோலில் பயிற்சி தொடங்கும்போதும் முடியும்போதும் யாரும் யாருக்கும் குனிவதில்லை. நெஞ்சில் கையை வைத்து, நிமிர்ந்து, நேரே பார்ப்பார்கள். அது பாஸ்டர் போட்ட சட்டம்.

"அது ஆராதனைக்குக் குனியிறது. இது மரியாதைக்குக் குனியிறது. ரெண்டும் வேற வேற தங்கச்சி."

இதே நியாயத்தை எட்டு வருஷத்துக்கு முன்னால் ஷாமிளா அவரிடம் சொல்லியிருக்கிறாள். அப்போது அவள் டவுனில் பண்டார சேரிடம் கராட்டி பழகிக்கொண்டிருந்தாள். தோட்டத்து லய வீட்டிலிருந்து வந்த சிறுமியைத் தன் பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சோறு போட்டவர் அவர். சபையில் கராட்டி ஊழியம் தொடங்கலாம் என்று பாஸ்டர் சொன்னபோது அவள் துள்ளிக் குதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இனி எந்த மனுஷனுக்கும் குனியக்கூடாது, அது விக்கிரக ஆராதனை. "அது மரியாதைக்குத்தான் பாஸ்டர், சாமியா நெனச்சு இல்ல" என்று அவள் கெஞ்சினாள். ரெண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னார் இதே மனுஷன்.

அவள் நம்பினாள். அடுத்த வகுப்பில் எல்லாரும் பண்டார சேருக்குக் குனிந்தபோது அவள் மட்டும் கட்டையாக நின்றாள். அவர் காரணம் கேட்டார், சொன்னாள். "ஹரி துவ. யன்ன" என்றார் சிங்களத்தில். சரி மகளே, போ. கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை.

"ஒரு புள்ளைக்காக எல்லாப் புள்ளைங்களோட ஊழியத்தையும் இழக்கணுமா? யோசிச்சுப் பாரு" என்றார் பாஸ்டர்.

ஷாமிளா எழுந்துகொண்டாள். ஹோல் போனால் எல்லாம் போச்சு. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த ஹோலும் அந்தப் பிள்ளைகளும்தான்.

நேரே மேட்டு லயத்துக்குப் போனாள். விஜயகலா தன் ஒற்றையறைக் காம்பரா வாசலில் இடுப்பு வலியோடேயே விறகு பிளந்துகொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு. கோயிலை விடாதவள், சர்ச்சுக்கு ஒருநாளும் வராதவள். மகளை மட்டும் தானே கூட்டிவந்து சேர்த்தவள். தொரையின் ஜீப் வந்தால் ரோட்டுக் கானோரம் ஒதுங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்கிற சனம் இது. யாருக்கும் குனிய வேண்டாம் என்று ஓர் இடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றதும் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. "எந்தச் சாமியா இருந்தா என்னா மிஸ், எம்புள்ள நிமிந்து நிக்கக் கத்துக்கிட்டாப் போதும்" என்று அன்றைக்குச் சொன்னவள்தான் இன்றைக்குக் கோடாரியைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ்டர் ஐயா ஆளனுப்பிச் சொன்னாரு மிஸ். அவ மாட்டேங்கிறா. நான் வேணா குனியிறேன். எனக்கென்னா, பழகின முதுகு."

உள்ளே நிரோஷிகா சுவரில் சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, அழுததால் இல்லை.

"மிஸ், நீங்க சொல்லுங்க. நான் குனியணுமா?"

ஒரு சொல். வேண்டாம் என்று ஒரே ஒரு சொல். ஷாமிளாவின் வாயில் அது வரவில்லை. "நாளைக்குப் பாப்போம்மா" என்று முனகிவிட்டுப் படியிறங்கினாள். த்தூ, நீயெல்லாம் ஒரு மிஸ் என்று வழி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹோல் நிரம்பி வழிந்தது. ஆராதனைக்கு வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. முன்வரிசையில், மூக்கில் பிளாஸ்டரோடு, காலுக்கு மேல் கால் போட்டு கிருஷாந்த் உட்கார்ந்திருந்தான். கராட்டிப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் ஓரமாக நின்றார்கள்.

ஜெபம் முடிந்தது. "வா மகளே" என்று பாஸ்டர் கூப்பிட்டார். "தாழ்மை நல்ல குணம். தல குனிஞ்சு கேட்டுரு."

நிரோஷிகா நடுவில் வந்து நின்றாள். நெஞ்சில் கையை வைத்தாள். நிமிர்ந்தே நின்றாள். கிருஷாந்த் காலை இறக்கிவிட்டு, "கொழுப்ப பாத்தீங்களா பாஸ்டர்?" என்றான்.

அப்போது பின்னாலிருந்து விஜயகலா விறுவிறுவென்று வந்தாள். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, அந்தப் பிடித்த இடுப்போடு, கிருஷாந்தின் காலடிக்கு நேராகக் குனியப்போனாள்.

ஷாமிளாவுக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாய்ந்துபோய் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"நில்லுங்கக்கா! நீங்க என்னா தப்புப் பண்ணீங்க?"

"ஷாமிளா, சமாதானம்..." என்றார் பாஸ்டர்.

"பேசாதீங்க பாஸ்டர்! எனக்குச் சோறு போட்டு, வித்தையும் சொல்லிக்குடுத்த மனுஷனுக்குத் தல குனியிறது பாவம்னு சொன்னீங்க. சரின்னு அவர நோகடிச்சிட்டு வந்தேன். இப்ப இந்த ஆளுக்கு முன்னால குனியிறது மட்டும் தாழ்மையா? ஒங்க ஆண்டவரு ஆளுக்கு ஒரு சட்டமா போட்டுக் குடுத்தாரு?"

பாஸ்டர் கையை உயர்த்தி அடக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"இன்னைக்கு இங்க ஒருத்தர் குனியணும், அவ்வளவுதான? நான் குனியிறேன்."

கிருஷாந்த் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நிரோஷிகாவுக்கு எதிரே நின்று, குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோரம் வைத்து, பண்டார சேர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, முழுசாக இடுப்பிலிருந்து குனிந்தாள். எட்டு வருஷத்துக்குப் பிறகும் உடம்பு அதை மறக்கவில்லை.

"நேத்து நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாமப் போனேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்க."

திருப்பிக் குனிய அந்தப் பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. நெஞ்சில் வைத்த கையோடு அப்படியே நின்றாள்.

"நாளைக்கே இதுக்குப் பூட்டுப் போடுறேன் பாரு!" என்று கிருஷாந்த் எழுந்தான்.

"போடு! நீ கைய வெச்சதுக்கு இன்னைக்கே பொலிஸ்ல என்ட்ரி போடுறோம்."

"யாரு பாத்தா? சாட்சி இருக்கா?"

வேலை, காம்பரா, பிள்ளைகள் என்று ஒவ்வொருத்தரும் மனசுக்குள் எதையெதையோ நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். விஜயகலாவின் கூப்பிய கை இன்னும் பிரியவில்லை. அவள் அதைப் பார்த்தாள். மெதுவாகப் பிரித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் சாட்சி" என்றாள். "எம்புள்ளைக்கு மட்டும் இல்ல. போன வருஷம் எனக்கும் இதே வேலதான் பண்ணினான். வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "நானும் சாட்சி. வியாழக்கெழம வரிசையில நின்னு பாத்தேன்" என்றது. பிறகு இன்னொன்று. கிருஷாந்த் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

பொலிஸுக்குப் போக யட்டியாந்தோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நிரோஷிகா ஷாமிளாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மிஸ், வீட்டுக்குப் போயி உடுப்ப மாத்திக்கிட்டு வந்துறவா?"

"வேணாம். இந்த உடுப்போடதான் வரணும்னு அந்த பீல்ட் ஒபிசர் ஐயாவே சொன்னாரில்ல. இதோடயே வா."