நேற்று வந்த மேசன்

திருகோணமலை மேசன் வின்சன்ற் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலேயே தங்கி வேலை செய்தால் குளியலறை சீக்கிரம் முடியும் என்று யோசனை சொன்னது நான்தான். இருபதாம் திகதி என் கணவர் டோஹாவிலிருந்து விடுமுறையில் வருகிறார். அதற்குள் பழைய தரையை உடைத்து டைல்ஸ் பதித்தாக வேண்டும்.

யுத்த காலம். கொழும்பில் வெளியூர்த் தமிழர் யார் வந்து தங்கினாலும் ஒரு நாளுக்குள் வீட்டுக்காரரே கூட்டிப்போய்ப் பொலிஸில் பதிய வேண்டும். முதலாம் திகதி, அவர் வந்த அன்றே படிவத்தை நிரப்பிக் கைப்பைக்குள் வைத்தேன். அலுவலகத்தில் கணக்காய்வு. அரைநாள் லீவு கேட்க வாய் வரவில்லை. வின்சன்ற் இரண்டு தரம் நினைவூட்டினார். டைல்ஸ் நிறம் மாறி வந்தபோது மட்டும் அதே லீவைக் கேட்டுக் கிராண்ட்பாஸிலிருந்த கடைக்கு ஓடினேன்.

பன்னிரண்டாம் திகதி காலை, பக்கத்து வீட்டுப் பத்மாவதி அக்கா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வெள்ளைச் சீமெந்து வாங்கப் போன வின்சன்றைச் சந்தியில் பதிவு இல்லையென்று பொலிஸ் பிடித்துவிட்டதாம்.

"குழைச்ச சீமெந்து அப்பிடியே கிடக்கோ அக்கா?" என்று கேட்டேன்.

"முதல்ல அந்த மனுசனைப் போய்ப் பாரும் பிள்ளை."

இம்முறை லீவு கேட்க ஒரு நிமிடமும் ஆகவில்லை.

பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில், முழங்கைவரை காய்ந்த சீமெந்தோடு அவர் இருந்தார். இந்த ஆள் நேற்றுப் பின்னேரம்தான் உன் வீட்டுக்கு வந்ததாகச் சொல்கிறான், உண்மையா என்று சார்ஜன்ற் சிங்களத்தில் கேட்டார். வின்சன்ற் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம், நேற்றுத்தான் என்றேன். கைப்பையிலிருந்த படிவத்தை வெளியே எடுக்கவில்லை. அதில் முதலாம் திகதி இருந்தது. புதிதாக ஒன்று வாங்கி நிரப்பினேன். அவரை விடுவார்களா என்ற பயத்துக்கு முன்னால், நான் தப்பிவிட்டேன் என்ற ஆறுதல்தான் எனக்கு வந்தது.

நாலு மணிக்கு விட்டார்கள். ஓட்டோவில் ஏறியதும், ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

"பதினொரு நாளெண்டா உங்களையும் எனக்குப் பக்கத்தில இருத்தியிருப்பாங்கள் அக்கா. பிறகு ஆர் பாத்ரூமை முடிக்கிறது?"

சிரித்தபோதுதான் இடது கன்னம் வீங்கியிருந்தது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் உளியை எடுத்து, இறுகிப்போன சீமெந்தைக் கொத்தத் தொடங்கினார். இன்றைக்கு விடுங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம். இருபதாம் திகதிக்கு எட்டு நாள்தான் இருந்தது.

தேத்தண்ணி போட்டுக்கொண்டுபோய்க் குளியலறை வாசலில் வைத்தேன்.