மூன்றாவது தடவை வைத்த வாளி

மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வல்போனாவுக்கு ரப்பர் கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. பக்கத்தில் பிஸெர்கா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருடமாக அந்த ரயிலைத் துடைக்கிறவள்.

ஓட்டுநரில்லாத ரயில். விமான நிலையத்தின் இரண்டு முனையங்களுக்கும் நடுவே நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருக்கும். நிலையத்தில் முப்பது விநாடிதான் நிற்கும். அதற்குள் எவளால் துடைத்து முடிக்க முடியும்? அதனால் வாசலில் வாளியை வைத்துவிடுவார்கள். மூட வந்த கதவு வாளியில் முட்டித் திறந்துகொள்ளும். இரண்டு தடவை பொறுக்கும். மூன்றாவது தடவை ரயிலுக்குக் கோபம் வந்துவிடும், மொத்தத் தடமும் நின்றுபோகும். துடைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது.

இன்று காலை இரண்டு பேரும் ஒரே பெட்டியில், ஆளுக்கொரு கதவில். பிஸெர்கா ஒரு தடவை வைத்தாள், வல்போனா இரண்டு தடவை. ரயில் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டது. பதினான்கு நிமிடம் அசையவில்லை.

"வேலை போச்சுன்னா இந்த ஊர்ல தங்குற அனுமதியும் போச்சுக்கா. புள்ளைய இழுத்துக்கிட்டு எங்க போவேன்?" என்றாள் வல்போனா.

"வாயக் கழுவுடி. மூணு தடவையும் நான்தான் வச்சேன்னு சொல்றேன். என்னைத் துரத்திட்டா அந்த ரயில் எங்கெங்க நாறும்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

வல்போனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைத் திறந்து மேலாளர் ஹென்னிங் தலையை நீட்டினார். உள்ளே போனார்கள்.

"கேமராவுல பாத்தோம். எச்சரிக்கையோட விட்டுட்டோம். வேலை போகல."

"அப்பாடா!" வல்போனா அப்படியே நாற்காலியில் சரிந்தாள். கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "ரொம்ப நன்றி சார். நல்லா இருங்க சார்."

"ஆனா இனிமே நிலையத்துல வாளியோட ரயில்ல ஏறக் கூடாது. பணிமனையில நிக்கும்போதுதான் துடைக்கணும். அங்க போக வர, தடத்துக்குக் கீழ நடைபாதை இருக்கு."

"ரெண்டு கிலோமீட்டர் சார் அது!" என்றாள் பிஸெர்கா.

"நடக்கற நேரத்த உங்க இடைவேளைலேருந்து கழிச்சிருவோம்."

"நடக்கறோம் சார், ஓடக்கூட ஓடறோம்," என்று வல்போனா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் நடைபாதையில் ஒரு கையில் வாளியும் மறு கையில் ரொட்டியுமாக, நடந்துகொண்டே சாப்பிட்டார்கள். வல்போனா ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தாள். மகள் பள்ளியில் பாடிய பாட்டை முணுமுணுத்தபடி முன்னால் போனாள்.

"மெதுவா போடி, முழங்கால் கத்துது," என்றாள் பிஸெர்கா.

தலைக்கு மேல் ரயில் வந்தது. இரண்டு பேரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணாடியெல்லாம் பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.